அந்த ‘மூன்று’ எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். வருடம் முழுக்க ‘சூப்பர்’ என்று பாராட்டிய மேனேஜர், அப்ரைசலில் ஐந்துக்கு மூன்று போட்டுவிட்டார். கேட்டால், “நான் நாலுதான் போட்டேன், பெல் கர்வ்ல குறைச்சுட்டாங்க” என்கிறார். எழுதியிருக்கும் காரணம், ‘நேரம் தவறாமையில் முன்னேற்றம் தேவை’ என்ற ஒரே வரி. சர்வர் விழுந்த அன்று விடியற்காலை மூன்று மணி வரை உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, காலையில் பதினோரு மணிக்குப் போனேன். மாதத்தில் மூன்று முறை லேட் ஆனால் அரை நாள் லீவைப் பிடித்துவிடுவார்கள். அது மூன்றாவது முறை. இப்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்தவா, வேலையை விட்டுவிடவா?
- பெயர் வேண்டாத வாசகி

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம், சகோதரி.

என் உத்தியோக காலம் மனிதவளத் துறையில்தான் கழிந்தது. மதிப்பெண்ணை முடிவு செய்யும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் எக்செல் ஷீட், அதில் பெயர்கள். ‘நாலு’ இத்தனை பேருக்குத்தான் என்று மேலிருந்து கணக்கு வந்திருக்கும். உங்கள் மேனேஜர் சொன்ன ‘பெல் கர்வ்’ இதுதான். பெயர்கள் கூடிவிட்டால் யாரையாவது இறக்கியாக வேண்டும். “இவங்களப் பத்திச் சொல்லுங்க” என்பார்கள். ஒரு மேனேஜர், “பில்லிங் நின்னுபோன அன்னிக்கு ராத்திரியோட ராத்திரியா மீட்டவங்க இவங்கதான்” என்பார். இன்னொருவர், “நல்லா வேலை செய்வாங்க சார்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். இரண்டாமவர் சொன்ன பெயர் இறங்கிவிடும். காரணம் தேடுவது அதற்குப் பிறகுதான். வருகைப் பதிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உங்களுக்கு வந்த அந்த ஒற்றை வரியும் அப்படி வந்ததாகவே எனக்குப் படுகிறது.

ஜாக் வெல்ச் தலைமையில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் பிரபலமாக்கிய முறை இது. மேலே 20 சதவீதம், நடுவில் 70, அடியில் 10. பத்துப் பேரும் திறமைசாலிகளாக இருந்தாலும் ஒருவர் அடியில் நின்றே ஆக வேண்டும். இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2013-லேயே இந்த வரிசைப்படுத்தலைக் கைவிட்டது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மேலாளர்களின் மதிப்பெண்களை அலசி 2000-ல் வெளியான ஓர் ஆய்வு, மதிப்பெண் வித்தியாசத்தில் பாதிக்கும் மேல் மதிப்பிடுகிறவரின் சுபாவத்தால் வருவது என்று காட்டியது. ஆகவே, ‘நான் சுமார்தானோ’ என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

பட்டனுக்கு வருவோம். பக்கத்தில் கருத்து எழுத இடம் இருந்தால், ‘படித்துப் பார்த்தேன், இந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை’ என்று எழுதிவிட்டு அழுத்துங்கள். இடம் இல்லையென்றால் அதே வாசகத்தை அன்றைக்கே மேனேஜருக்கு மெயிலில் அனுப்பி, மனிதவளத் துறைக்கும் நகல் போடுங்கள். கூடவே சர்வர் விழுந்த தேதி, அந்தப் புகாரின் பதிவு எண் (டிக்கெட் எண்), எத்தனை மணிக்கு சர்வர் திரும்ப வந்தது, அவ்வளவு போதும். கோபமும் வேண்டாம், சக ஊழியரோடு ஒப்பீடும் வேண்டாம்.

பிடித்த அரை நாளைத் தனி மெயிலில் திருப்பிக் கேளுங்கள். முடிந்துபோன ரேட்டிங்கை மாற்றுவது அபூர்வம். லீவுக் கணக்கு அப்படியில்லை. மூன்று மணிக்கு நீங்கள் போட்ட பதிவு சிஸ்டத்திலேயே இருக்கிறது, அதை மறுப்பது கஷ்டம். இனி ராத்திரி வேலை வந்தால், கிளம்பும்போதே ‘இப்போதுதான் முடித்தேன், காலை பதினொன்றுக்கு வருகிறேன்’ என்று மேனேஜருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள். லேட் விதியை வகுத்தவர்கள் இரவு வேலையை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் மேனேஜரை நான் முழுக்க விட்டுவிட மாட்டேன். “கூட்டத்தில் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் தடுமாறினால் விஷயம் புரிந்துவிடும். அடுத்த முறை கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே, அவர் அப்படியே வாசித்துவிடக்கூடிய மூன்று வரிகளை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதையும் வாசிக்காமல் வந்து மறுபடி பெல் கர்வைக் காட்டினால், வேறு வேலை தேடத் தொடங்குங்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இதை விடாதீர்கள்.