ஆமைக்கு ஒரு மந்திரம்

ஐயா, வணக்கம்.

கட்டளைகளை வாக்கியமாகத் தட்டி ஆடும் 'என்சான்டர்' என்ற கணினி விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மகளோடு ஆடிப் பார்த்தேன். எட்டாவது படிக்கிறாள். 'படமே இல்லையே' என்று எழுந்து போய்விட்டாள். எனக்கோ வேறு எரிச்சல். ஆட்டத்தில் சொன்ன மந்திரம் உடனே மறந்துபோகிறது, மந்திரப் புத்தகத்திலிருந்து திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. எதற்கு இந்தத் தொல்லை? தமிழில் இப்படி ஒன்று செய்ய முடியுமா?

- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தொல்லைதான் விளையாட்டே. 1983இல் இன்ஃபோகாம் என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனத்துக்காக மார்க் பிளாங்க், டேவ் லெப்லிங் இருவரும் எழுதியது. மனதில் சில மந்திரங்களுக்குத்தான் இடம். அடுத்த அறையில் பூட்டா, இருட்டா என்று யோசித்துத்தான் படித்துக்கொண்டு போக வேண்டும். பூட்டுக்கு 'ரெஸ்ராவ்', இருட்டுக்கு 'ஃப்ராட்ஸ்'.

எனக்குப் பிடித்தது ஆமை. (இன்னும் அங்கே போகவில்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) நாம் நுழைந்தால் பிழைக்க முடியாத இடத்தில் ஒரு மந்திரச் சுருள் கிடக்கிறது. ஆமைக்கு ஓடு இருக்கிறது, ஆனால் அதன் நடை தெரிந்ததுதானே. 'நிட்ஃபால்' சொன்னால் அதோடு பேசி, சுருளை எடுத்துவரச் சொல்லலாம், 'எக்ஸெக்ஸ்' சொன்னால் அது ஓடும். இரண்டையும் சேர்த்து யோசித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

தமிழில் நானே ஒன்று செய்து பார்த்தேன். ஒகேனக்கல் கரை, ஒரு பரிசல், ஒரு துடுப்பு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். நமக்கு விளக்கு 'விளக்கை' ஆகும், ஆடு 'ஆட்டை' ஆகும், மரம் 'மரத்தை' ஆகும். எல்லாவற்றையும் நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'சாவியால் பெட்டியைத் திற', 'பெட்டியைச் சாவியால் திற' இரண்டும் ஒன்றுதான் என்றும், நடுவில் வரும் த், ச் வெறும் ஒற்று என்றும். ஒருவழியாக முடித்தேன். அண்ணன் மகள் வந்து உட்கார்ந்து 'ஆத்துல எறங்கு' என்று தட்டினாள். 'புரியவில்லை' என்றது. "இதுக்குத் தமிழே தெரியல சித்தப்பா" என்றாள். பென்னாகரத்தில் யாரும் 'ஆற்றில் இறங்கு' என்று சொல்ல மாட்டார்கள், அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆக, முடியும். பேச்சுத் தமிழையும் சேர்த்துக் கற்பிக்கப் பொறுமை வேண்டும், எனக்கு அது பாதியில் தீர்ந்துவிட்டது.

மகள் விஷயம். தட்டுவதை நீங்கள் செய்யுங்கள். அவள் கையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டைக் கொடுத்து, விளையாட்டில் வரும் கோட்டையின் வரைபடத்தை அவளையே போடச் சொல்லுங்கள். வழி தெரியாமல் நீங்கள் முழிக்கும்போது அவளைத்தான் கேட்க வேண்டும்.