உடனடிக் குடும்பம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலப் படிவங்களைத் தமிழாக்குவது என் வேலை. 'இம்மீடியட்' வந்தால் கை தானாக 'உடனடி' என்று அடித்துவிடுகிறது. ஆனால் 'இம்மீடியட் பாஸ்', 'இம்மீடியட் ஃபேமிலி' என்று வரும்போது இடிக்கிறது. ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு அர்த்தம்? 'சூன்', 'பிரசென்ட்லி' இவற்றுக்கும் துல்லியமான தமிழ் கிடைப்பதில்லை. தமிழில் இந்த நுட்பம் குறைவுதானோ? நல்ல அகராதி ஒன்றும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'இடிக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். மூன்று மாதமாக எனக்கும் அதே இடத்தில்தான் இடிக்கிறது.

அர்த்தம் இரண்டல்ல, ஒன்றுதான். லத்தீனில் 'மீடியஸ்' என்றால் நடு. நாம் ஊடகம் என்று சொல்லும் 'மீடியா'வும் அந்த வேரில் வந்ததுதான். 'இம்மீடியட்' என்றால் ஊடே எதுவும் இல்லாதது. இரண்டு பேருக்கு நடுவில் ஆள் இல்லையென்றால் நேரடி, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் நேரம் இல்லையென்றால் உடனடி, அவ்வளவுதான். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம் 1806 வரை 'இம்மீடியட்' நகரமாக இருந்தது. அவசரத்தில் கட்டிய ஊர் என்றா பொருள்? அதற்கும் பேரரசருக்கும் நடுவில் வேறு பிரபு கிடையாது என்று பொருள்.

'சூன்' பழைய ஆங்கிலத்தில் 'இக்கணமே' என்றுதான் இருந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் அத்திமரம் 'பிரசென்ட்லி' பட்டுப்போனது என்றால் அந்த நொடியே பட்டுப்போனது. இன்று இரண்டுக்கும் 'கொஞ்ச நேரத்தில்' என்று ஆகிவிட்டது. 'இதோ' என்று சொல்லிவிட்டு ஆடி அசைந்து வருகிறவர்களால் சொல் தேய்ந்துவிடுகிறது. எல்லா மொழியிலும் நடப்பதுதான், விடுங்கள்.

ஆனால் தமிழில் நுட்பம் குறைவு என்கிறீர்களே, அதை விட மாட்டேன். கை தானாக அடிக்கிறது என்றால் குறை கையிலா, மொழியிலா? 'உடனே' என்பதில் இருப்பது உடன். உடன்பிறந்தவள், உடன்வந்தவன் என்கிற அதே உடன். கூடவே இருப்பதைத்தான் நாம் காலத்துக்கும் வைத்திருக்கிறோம். ஆங்கிலம் நடுவில் எதுவும் இல்லை என்கிறது, தமிழ் சேர்ந்தே இருக்கிறது என்கிறது. இதைத் தெரிந்துகொண்டவர் எப்படி ஐயா 'உடனடிக் குடும்பம்' என்று எழுதுவார்? உடனடி காபி என்றால் புரிகிறது. குடும்பம் எப்படி உடனடியாகும்?

மூன்று மாதத்துக்கு முன் அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். கதவில் ஒரு தாள், 'உடனடிக் குடும்பத்தினருக்கு மட்டும் அனுமதி' என்று. என் அத்தை, அப்பாவின் தங்கை, இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். அம்மாவும் அவளும் நாற்பத்தோரு வருஷம் ஒரே அடுக்களையில் நின்றவர்கள். காவலுக்கு இருந்த பையன் தாளைக் காட்டி மறித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அத்தை ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்புறம் அவனிடமே கேட்டாள். "தம்பி, அண்ணிக்கு முடியலைன்னதும் நான்தானே உடனே ஆட்டோ பிடிச்சுக் கூட்டியாந்தேன்? அப்போ நான்தானே உடனடி?"

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. விடவும் இல்லை. மூன்றாம் நாள் அம்மாவை வார்டுக்கு மாற்றிய பிறகுதான் அத்தை உள்ளே போனாள். போனதும் கூடையிலிருந்து சீப்பை எடுத்து, சிக்குப் பிடித்துக் கிடந்த அம்மாவின் தலையை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாரிவிட்டாள். நானும் அம்மா பெற்ற பிள்ளைதான், அந்தத் தாளின்படி அனுமதி உள்ளவன். மூன்று நாளும் உள்ளே போய் வந்தேன். அந்தத் தலை என் கண்ணில் படவே இல்லை.

அதே ஆஸ்பத்திரியில் நோயாளியோடு தங்குகிறவருக்குக் கொடுக்கும் அட்டையில் 'உடனிருப்பவர்' என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். அதையே கதவிலும் ஒட்டியிருக்கலாம்.

பாஸுக்கு 'நேர் மேலதிகாரி' போடுங்கள். குடும்பத்துக்கு 'நெருங்கிய குடும்பத்தினர்'. ஆஸ்பத்திரி என்றால் 'உடனிருப்பவர்'. அகராதி பற்றி அப்புறம் எழுதுகிறேன். உங்கள் மேஜையில் இப்போது அந்த வரியோடு ஏதாவது படிவம் இருந்தால், அச்சுக்குப் போவதற்குள் மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.