மினிவேன் கேள்வி-பதில்: பேரைப் பார்க்காதீர்கள், பில்லைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மினிவேன் பற்றியவை. அமெரிக்காவில் குடும்பத்துக்கு வேன் என்று கிளம்பினால் பெரும்பாலும் நாலுக்குள்தான் சுற்றி வருவீர்கள்: டொயோட்டா சியென்னா, ஹோண்டா ஒடிஸி, கிறைஸ்லர் பசிஃபிகா, கியா கார்னிவல். நேராகக் கேள்விகளுக்கே போய்விடலாம்.

மூன்று பிள்ளைகள். ஆறு வயது, மூன்று வயது, ஒன்றரை வயது. மூவருக்கும் கார் சீட். சியென்னாவா, ஒடிஸியா?

உங்கள் வீட்டுக்கு நான் ஒடிஸி பக்கம்தான் சாய்வேன். இரண்டாம் வரிசையின் நடு இருக்கையைக் கழற்றிவிட்டால், மற்ற இரண்டையும் பக்கவாட்டில் நகர்த்தலாம். சின்னதின் சீட்டைத் தொடாமலேயே பெரிய பிள்ளை மூன்றாம் வரிசைக்கு ஏறிப் போக வழி கிடைக்கும். இந்த வசதி எல்லா விலை மாடலிலும் கிடையாது, கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2021 முதல் வரும் சியென்னாவில் இரண்டாம் வரிசையை வெளியே எடுக்கவே முடியாது. சோபா, அலமாரி ஏற்றும் பழக்கம் இருந்தால் இதையும் யோசியுங்கள்.

ஆனால் என் பேச்சை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். மூன்று கார் சீட்டையும் ஷோரூமுக்கு எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள். பின்பக்கம் பார்த்த சீட்டை மாட்டிய பிறகு முன்னால் உட்காருபவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறதா? பக்கத்தில் இருப்பதன் பக்கிளை உங்கள் விரல் எட்டுகிறதா? விற்பவர் அவசரப்படுத்தினால் அவசரப்படுத்தட்டும்.

எது பெஸ்ட் வேன்? பட்ஜெட் நடுத்தரம். சீக்கிரம் பதில் தேவை.

எத்தனை பேர் போவீர்கள், புதிதா பழையதா, வருஷத்துக்கு எத்தனை மைல், பனி பெய்யும் ஊரா, ஒன்றுமே சொல்லவில்லை. இவை தெரியாமல் நான் ஒரு பேரைச் சொன்னால் அது உங்களுக்கு நான் செய்யும் கெடுதல். விவரத்தோடு எழுதுங்கள், சொல்கிறேன்.

2014 ஒடிஸி, 1,10,000 மைல் ஓடியது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை. "பார்த்தேன், பெல்ட் நன்றாக இருக்கிறது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

நம்பாதீர்கள். டைமிங் பெல்ட் என்பது எஞ்சினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் நேரம் தவறாமல் ஓட்டும் பட்டை. அதைக் கண்ணால் பார்த்து ஆயுளைச் சொல்ல முடியாது. ஏழு வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள் மாற்றியிருக்க வேண்டும். அந்த வி6 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வில் பிஸ்டன் இடிக்கும். அதன் பிறகு செலவு பெல்ட்டோடு நிற்காது. பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மாற்றும்போது வாட்டர் பம்ப், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது) இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அதே இடத்தை இரண்டு முறை பிரித்து இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம். இப்போதைய சியென்னா, பசிஃபிகா, கார்னிவல் மூன்றிலும் இருப்பது செயின், இந்தக் கவலை இல்லை.

இன்னொன்று. இந்த எஞ்சின் சமதரையில் ஓடும்போது பாதி சிலிண்டரை நிறுத்திவிட்டு ஓடும். அந்த ஏற்பாட்டினால் ஆயில் குடிக்கிறது, ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கிறது என்ற புகார் 2008 தொடங்கிச் சில ஆண்டு ஒடிஸிகளில் நிறைய வந்தது. மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, இழுத்துப் பாருங்கள். விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பசிஃபிகா ஹைபிரிட்டில் இரண்டாம் வரிசை இருக்கை தரைக்குள் மடிந்து போகுமா?

போகாது. அந்தக் குழியில்தான் பேட்டரி இருக்கிறது. பெட்ரோல் மாடலில் மடியும். பழைய ஹைபிரிட் பார்ப்பவர்களுக்கு: தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2022லும் 2024லும் ரீகால் (கோளாறைச் சரிசெய்ய கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) வந்தது, சரிசெய்யும் வரை வீட்டை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார்கள். வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) போட்டு அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் தளத்தில் தேடினால், உங்கள் வண்டிக்கு வேலை பாக்கி இருக்கிறதா என்று அரை நிமிஷத்தில் தெரியும். எந்த வண்டி வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். காசு கிடையாது.

டிரான்ஸ்மிஷன் ஆயில் வண்டி இருக்கும்வரை மாற்றவே தேவையில்லை என்கிறார் சர்வீஸ் ஆள். என் நண்பர் 60 ஆயிரம் மைலில் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல வேன்கள் அநியாயமாகச் சாவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

டிரான்ஸ்மிஷன் என்பது கியர் பெட்டி. அதன் ஆயிலுக்கு மூன்று வேலை: பல்சக்கரங்களை வழுக்க வைக்க வேண்டும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்க வேண்டும், சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டும். கிளட்ச் தேயத் தேய அதன் துகள் ஆயிலில் கலக்கிறது. சூட்டில் அதன் குணம் போகிறது. புதிதாக ஊற்றும்போது பெரும்பாலும் தெளிந்த சிவப்பாக இருப்பது, 80 ஆயிரம் மைலில் இறக்கினால் கறுத்த பழுப்பாக வரும். விரலில் தொட்டுத் தேய்த்தால் நைஸாக மை போல ஒட்டும், கருகிய வாசனை அடிக்கும். இறக்கிய அந்த ஆயிலை ஒருமுறை நேரில் பார்த்தவர் அதற்கப்புறம் "மாற்றத் தேவையில்லை" என்ற பேச்சை எடுக்க மாட்டார்.

கையேட்டைக் கவனமாகப் படியுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு ஓர் அட்டவணை, கடுமையான ஓட்டத்துக்கு வேறோர் அட்டவணை என்று பல கம்பெனிகள் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஏழு பேர், கூரை மேல் பெட்டி, முழு ஏசி, மலையேற்றம், பள்ளிக்கூட வாசலில் நின்று நின்று நகர்வது. குடும்ப வேனின் வாழ்க்கையே கடுமையான ஓட்டம்தான். ஹோண்டாவில் இந்தக் குழப்பம் குறைவு: எப்போது என்ன சர்வீஸ் என்று டேஷ்போர்டில் காட்டும் மெயின்டனன்ஸ் மைண்டரில் 3 என்ற எண் வந்தால் டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்று என்று அர்த்தம். அதையும் "அப்புறம் பார்க்கலாம்" என்று அழித்துவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். 1999 முதல் 2004 வரை வந்த ஒடிஸிகளின் டிரான்ஸ்மிஷன் எவ்வளவு பாடுபடுத்தியது, வாரன்டியை நீட்டியது, ரீகால் செய்தது எல்லாம் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது வடிவமைப்புக் கோளாறு. ஆனால் சூடும் கெட்ட ஆயிலும் சேர்ந்தால் நல்ல வடிவமைப்பும் அதே கதிக்குத்தான் போகும்.

ஆகவே 50, 60 ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கி ஊற்றும் முறையே போதும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் இறங்கும், அதனால் சில ஆயிரம் மைல் விட்டு இன்னொரு தடவை செய்தால் நல்லது. மெஷின் வைத்து அழுத்தித் தள்ளும் ஃப்ளஷ்ஷை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று டப்பாவில் போட்டிருக்கும் பொது ஆயிலையும் தொடாதீர்கள்: பத்து கியர் ஒடிஸிக்கு ஒரு வகை, அதற்கு முந்தைய ஆறு கியருக்கு வேறு வகை, டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், கியாவுக்கு அதற்கென்று வேறு வகை. பல புது வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியில் உள்ள பிளக்கைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே கியர் நழுவுகிறது, ரிவர்ஸ் போட்டால் இரண்டு விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது என்றால் புது ஆயில் மருந்தாகாது. அந்த நிலையில் விற்பனைக்கு வரும் வேனை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

சியென்னா ஹைபிரிட் பேட்டரி போய்விட்டால் சொத்தை விற்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயம் தேவையில்லை. 2021 முதல் சியென்னா ஹைபிரிட்டாக மட்டும்தான் வருகிறது. பேட்டரிக்கு 10 வருஷம் அல்லது 1,50,000 மைல் வாரன்டி. அதன் கியர் அமைப்பும் எளிமையானது, நழுவித் தேயும் பெல்ட் உள்ளே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இருக்கைக்கு அடியில் பேட்டரி மூச்சுவிடும் காற்றுவழி இருக்கிறது, அதன் ஃபில்டரைச் சுத்தமாக வைத்திருங்கள். பிஸ்கட் தூள், நாய் முடி, துணி நூல் எல்லாம் அங்கேதான் போய் அடைகிறது. அடைந்தால் பேட்டரி சூடாகும். கேலனுக்கு 36 மைல் கொடுக்கிறது, மற்ற வி6 வேன்கள் 22 பக்கம். வருஷம் 15 ஆயிரம் மைல் ஓட்டினால் 250 கேலனுக்கு மேல் மிச்சம். கார்னிவலிலும் 2025 மாடல் முதல் ஹைபிரிட் இருக்கிறது, அது 33 தொடுகிறது.

பனிப் பிரதேசம். நாலு சக்கர இழுவை உள்ள மினிவேன் எது?

சியென்னாவும் பசிஃபிகாவும். ஆனால் முதலில் குளிர்கால டயர் போடுங்கள். நாலு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும், பிரேக் பிடித்து நிற்பதற்கு உதவாது.

பவர் ஸ்லைடிங் கதவு பாதியில் நின்று பீப் அடிக்கிறது. டீலர் மோட்டார் மாற்ற வேண்டும் என்கிறார்.

எந்த வண்டி, எந்த வருஷம் என்று எழுதவில்லை. அதனால் பொதுவாகச் சொல்கிறேன். முதலில் கீழ்த் தடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னக் கல், பென்சில், உடைந்த பொம்மைக் கை, இவைதான் பாதிக் கதவுகளை நிறுத்துகின்றன. துடைத்துவிட்டு, மோட்டாரை அணைத்து, கதவைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். ஒரே சீராகப் போனால் ரோலர் நன்றாக இருக்கிறது. ஓரிடத்தில் கடமுட என்றால் ரோலர் அல்லது கேபிள். 12 வோல்ட் பேட்டரி சோர்ந்திருந்தாலும் இதே பீப் வரும், அதையும் சோதியுங்கள். இத்தனைக்கும் பிறகுதான் மோட்டார். மோட்டார் இழுக்கும்போது கைப்பிடியைப் பிடித்து இழுக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

2011 முதல் 2016 வரையான சியென்னாவுக்கு, ஓடும்போது கதவு திறந்துகொள்ளலாம் என்று சுமார் ஏழரை லட்சம் வண்டிகளுக்கு ரீகால் வந்தது. 2022, 2023 கார்னிவலுக்கும் கதவு மூடும்போது கைகாலில் பட்டால் சரியாகப் பின்வாங்கவில்லை என்று ரீகால் உண்டு. வின் எண்ணைத் தேடிப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

கார்னிவலுக்கு பத்து வருஷ வாரன்டி இருப்பதால் இரண்டாம் கையாக வாங்கினால் லாபம்தானே?

அந்தப் பத்து வருஷம், ஒரு லட்சம் மைல் எஞ்சின்-டிரான்ஸ்மிஷன் வாரன்டி முதல் சொந்தக்காரருக்கு மட்டும். வெளியில் கைமாறினால் 5 வருஷம், 60 ஆயிரம் மைலாகச் சுருங்கும். கம்பெனி சான்றளித்து விற்கும் பழைய வண்டி என்றால் வேறு கணக்கு, எழுத்தில் வாங்குங்கள். வண்டி நல்ல வண்டி, உள்ளே இடம் தாராளம். 2022 மாடலாகத்தான் இந்தப் பேரில் அமெரிக்காவுக்கு வந்தது, அதனால் 15 வருஷ நம்பகத்தன்மையில் சியென்னாவோடு ஒப்பிட இன்னும் காலம் ஆக வேண்டும்.

அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஏழு பேரும் சாமான்களுமாக நீண்ட பயணம் போகிறோம். மூன்றாம் வரிசையில் அவர்களை உட்கார வைக்கலாமா?

வேண்டாம். மூட்டு வலி உள்ளவர்கள் குனிந்து நுழைந்து பின்னால் போவது வேதனை. இரண்டாம் வரிசை அவர்களுக்கு, பின்வரிசை பிள்ளைகளுக்கு. பின்னால் இருப்பவர்கள் உட்பட எல்லாரும் பெல்ட் போட்டாக வேண்டும். 2023ல் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு அமைப்பு இரண்டாம் வரிசைப் பாதுகாப்பைச் சோதித்தபோது இந்த நாலு வேனில் ஒன்றுகூட நல்ல தரம் வாங்கவில்லை. பெல்ட் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படிந்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பெரியவர்கள் தூங்கிச் சரியும்போதுதான் அது மேலே ஏறும்.

அப்புறம் எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். பெரும்பாலான வேனில் 1,300 முதல் 1,500 பவுண்டுக்குள். ஏழு பெரியவர்கள் ஏறினாலே ஆயிரத்தைத் தாண்டிவிடும். மிச்சம் இருநூறு, முந்நூறு பவுண்டில்தான் பெட்டி, கூரைப் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் அடங்க வேண்டும். டயர் காற்றையும் அந்த ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கே வையுங்கள். டயர் மேலேயே அச்சடித்திருக்கும் எண் டயர் தாங்கும் உச்ச அளவு, அது உங்களுக்கு வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் காலை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளந்துவிடுங்கள்.