‘சர்ச்சை’ அங்கே பொருந்தாது, ‘விவாதம்’ என்று மாற்றுங்கள்

“கூட்டத்தில் ஆரோக்கியமான சர்ச்சை நடந்தது” என்ற உங்கள் வரியில் ‘விவாதம்’ என்று போடுங்கள். அதைத் திருத்தியவர் ‘சர்ச்சை’ என்ற சொல்லை வட்டமிட்டது சரிதான். உள்ளே உட்கார்ந்து பேசித் தீர்ப்பது விவாதம். விஷயம் வெளியே வந்து ஊரே ஆளுக்கொரு பக்கம் நின்று பேசினால் அது சர்ச்சை.

குழப்பம் அனேகமாக இந்தியிலிருந்து வந்திருக்கும். தமிழ் ‘சர்ச்சை’க்கும் இந்தி ‘சர்ச்சா’வுக்கும் மூலம் ஒரே வடசொல்தான். இந்தியில் ‘சர்ச்சா’ இன்றும் வெறும் கலந்துரையாடல். தமிழில் அது புகைச்சலோடுதான் வரும்.

சந்தேகம் வந்தால் வினைச்சொல்லை மாற்றிப் பாருங்கள். விவாதத்தை நாம் நடத்துவோம், முடித்துவைப்போம். சர்ச்சை தானாகக் கிளம்பும், வெடிக்கும், அப்புறம் ஓயும். ஆள் அதில் சிக்குவார். “நேற்று சர்ச்சை நடத்தினோம்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதே இடிக்கும். (வீட்டுக்குள் அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டால் அது சச்சரவு. அதையும் சர்ச்சை ஆக்கிவிடாதீர்கள்.)

ஒன்று மட்டும்: பழைய தமிழ் உரைநடையில் ‘சர்ச்சை’ ஆராய்ந்து பேசுவது என்ற பொருளிலும் வரும். மேற்கோள் எடுக்கும்போது அதில் கை வைக்க வேண்டாம்.