ஓராண்டும் ஒரு நாளும்

கேள்வி: ஐரோப்பாவில் வணிகமும் நகரங்களும் வளர்ந்ததால் நிலப்பிரபுத்துவம் தளர்ந்தது என்று, ஆறாம் படிவத்தில் படிக்கும் என் மகளின் வரலாற்றுக் குறிப்பில் உள்ளது. கோட்டையும் குதிரைப்படையும் வைத்திருந்த பிரபுக்களைத் தராசு பிடித்தவர்கள் எப்படித் தளர்த்தினார்கள்?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: அம்மா, பிரபுவின் பலம் கோட்டையில் மட்டும் இல்லை, நிலத்தோடு கட்டிப் போடப்பட்ட குடியானவனிடம் இருந்தது. அவன் வாரத்தில் சில நாள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கவும் அவருக்குப் பணம் செலுத்த வேண்டும். அனுமதியின்றி ஊரை விட்டுப் போக முடியாது. வணிகம் பெருகி, இன்றைய பெல்ஜியப் பகுதியான ஃப்ளாண்டர்ஸின் துணியும் வெனிஸ் வழியாக நம் பக்கத்து மிளகும் வந்தபோது, அவற்றை வாங்கப் பிரபுவுக்கு வெள்ளிக்காசு தேவைப்பட்டது. முட்டையும் கம்பளியும் சந்தையில் விற்ற குடியானவனிடம் அந்தக் காசு இருந்ததால், பல இடங்களில் உழைப்புக்குப் பதிலாகப் பணமே குத்தகையாயிற்று. வழக்கத்தால் அந்தத் தொகை உயராமல் நிற்க, 13ஆம் நூற்றாண்டில் விலைவாசி மட்டும் ஏறியது; பிரபு வாங்கிய பணத்தின் மதிப்பு தேய்ந்தது.

படைபலமும் காசுக்கு வசப்பட்டது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி 1159இல் துலூஸ் படையெடுப்புக்காக, பிரபுக்களின் போர்ச்சேவைக்கு ஈடாகப் பணம் வாங்கிக் கூலிப்படை திரட்டினார்.

நகரங்கள் செய்ததுதான் என் மனத்தை அதிகம் தொடுகிறது. பிரான்சின் லோரிஸ் என்னும் சிற்றூருக்கு மன்னர் ஏழாம் லூயி 1155இல் உறுதி செய்த பட்டயத்தைப் பாருங்கள். யாரும் உரிமை கோரித் தேடி வராமல் அங்கே ஓராண்டும் ஒரு நாளும் தங்கியவர் அதன்பின் சுதந்திரமாக வாழலாம். வீட்டுக்கும் ஒவ்வோர் ஏக்கருக்கும் ஆண்டு வரி ஆறு தெனியே (சிறு வெள்ளிக்காசு) மட்டுமே. மன்னருக்கான ஊழியமும், குதிரையும் வண்டியும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆர்லியன்ஸுக்குத் திராட்சை மது ஏற்றிச் செல்வதோடு சரி. பக்கத்திலேயே இப்படியோர் ஊர் இருக்கும்போது, எந்தப் பிரபுவும் தன் ஆட்களை முன்போல் கசக்க முடியாது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த பாட்டன்களின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும்.

1347இல் ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் ஆள்பற்றாக்குறையை உண்டாக்கி மீதியையும் தளர்த்தியது.

ஒன்றை மட்டும் மகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: வணிகம் எங்கும் விடுதலை தரவில்லை. ஜெர்மனியில் ஓடும் எல்பா ஆற்றுக்குக் கிழக்கே, பிரபுக்கள் மேற்கு ஐரோப்பாவுக்குத் தானியம் விற்று லாபம் பார்க்கவே, குடியானவர்களை 15, 16ஆம் நூற்றாண்டுகளில் மேலும் இறுக்கிக் கட்டினார்கள். ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள வலுவான நகரங்கள் அங்கே குறைவு. அங்கிருந்த ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் அந்தக் கட்டை அவிழ்க்கும் ஆணை 1807இல்தான் வந்தது.