பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகள் மருத்துவமனை: பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டாக்டர், சிகிச்சை முடியும்வரை எங்களில் ஒருவர் மட்டுமே மகளுடன் இருக்கலாம் என்கிறார்கள். நானும் கணவரும் மாறி மாறி இருக்கக் கூடாதா?

பதில்: வார்டுக்குள் வந்துபோவோர் கூடக் கூடத் தொற்று நுழையும் வழிகளும் கூடும், அதிலும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகள் இருக்கும் வார்டில் கட்டுப்பாடே வேண்டாம் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் என்பது வேறு, கடைசிவரை ஒருவரேதான் என்பது வேறு. ஒரே வீட்டில் வசிக்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கிருமிகளுக்கு ஆட்பட்டவர்கள் என்பதால், இருவருக்கும் அறிகுறி இல்லாத நிலையில், குறித்த நேரத்தில் ஆள் மாறுவதால் கூடும் ஆபத்து சிறியது. தூக்கமின்றித் தவிக்கும் தாய்க்கு அதனால் கிடைக்கும் ஆறுதலோ பெரியது. வார்டு பொறுப்பாளரிடம் இதை எழுத்து மூலமாகவே கேளுங்கள். பெற்றோரைப் பார்வையாளர் கணக்கில் சேர்ப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் மனைவிக்குக் கோவிட். குறைமாதத்தில் பிறந்த எங்கள் குழந்தையை அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: தாயின் உடல்நிலை இடங்கொடுத்தால், முகக்கவசம் அணிந்து, கைகளைச் சோப்பால் கழுவிக்கொண்டு, பால் கொடுக்கலாம், மார்போடு அணைத்து வைத்திருக்கவும் செய்யலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்த அணைப்பு, அதாவது கங்காரு பராமரிப்பு, தேவைப்படும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் ஏறத்தாழ 1,25,000 உயிர்களைக் காக்கலாம் என்று 2021இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தொற்றால் நேரக்கூடிய பச்சிளங்குழந்தைகளின் இறப்போ 2,000க்கும் குறைவு என்றது அதே ஆய்வு. தாய் எழ முடியாத நிலையில் இருந்தால், பாலைப் பீய்ச்சிச் செவிலியர் மூலம் கொடுத்தனுப்பலாம்.

கேள்வி: பத்து நாள் கழித்து என்னைப் பார்த்த இரண்டு வயது மகன், அழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'பிள்ளை பழகிவிட்டான்' என்கிறார் செவிலியர். அப்படித்தானா?

பதில்: இல்லை. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1950களிலேயே இதைக் கவனித்து எழுதினார்: பிரிந்த குழந்தை முதலில் கதறும், பிறகு ஒடுங்கிப்போகும், அதன்பின் அமைதியாகிவிட்டதுபோல் தோன்றும். அந்த அமைதியைக் குணமடைவதன் அடையாளமாக எண்ணியே அக்கால மருத்துவமனைகள் பல பெற்றோரை வெளியே நிறுத்தின. 1959இல், மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிரிட்டனின் பிளாட் அறிக்கை, நேரக்கட்டுப்பாடின்றிப் பெற்றோரை அனுமதிக்கும்படி பரிந்துரைத்தது. உங்கள் மகன் உங்களை மறக்கவில்லை, உங்களிடம் கோபித்துக்கொண்டிருக்கிறான். வற்புறுத்தித் தூக்காமல், அவன் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, வழக்கமான குரலில் பேசிக்கொண்டிருங்கள். அடுத்த முறை கிளம்பும்போது, தூங்கும் நேரம் பார்த்து நழுவாமல், சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: அக்காவைப் பார்க்க ஆறு வயதுத் தம்பிக்கு அனுமதி இல்லை. காணொலி அழைப்பு போதுமா?

பதில்: நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது, ஆயினும் உதவும். அக்காவின் மூக்கில் குழாய் இருந்தால், அது எதற்கு உதவுவது என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குழந்தையின் நிலை மோசமானால் எல்லோரையும் உள்ளே விடுவார்களா?

பதில்: உயிர் பிரியும் தறுவாயில் பல மருத்துவமனைகள் விதியைத் தளர்த்துகின்றன. எத்தனை பேர், தாத்தா பாட்டியும் உண்டா, இரவில் யாரிடம் அனுமதி கேட்பது என்பவற்றைக் குழந்தையைச் சேர்க்கும் நாளிலேயே விசாரித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.