பேனா அழுத்தம் சரியா வரலையா?

கேள்வி: வடபழனில கல்யாண ஆல்பம் ரீடச் பண்றேன் சார். பேனாவால வரையற டேப்லெட்ல மெதுவா தொட்டா ஒண்ணுமே விழல, அழுத்துனா முகத்துல திட்டுத்திட்டா கருப்பு, மணிக்கட்டு வலி வேற.

பதில்: முதல்ல பேனா டிரைவர்ல (டேப்லெட்டோட செட்டிங்ஸ் சாஃப்ட்வேர்) சாஃப்ட், ஃபர்ம்னு இருக்கற ஸ்லைடரை சாஃப்ட் பக்கம் ஒரு படி தள்ளுங்கம்மா, லேசா வச்சாலே விழும், கையும் பிழைக்கும். அப்புறம் போட்டோஷாப் பிரஷ் செட்டிங்ஸ்ல டிரான்ஸ்ஃபர் போய் ஒபாசிட்டியை, அதாவது நிற அடர்த்தியை, பென் பிரஷர்னு மாத்திட்டு, ஷேப் டைனமிக்ஸை ஆஃப் பண்ணிடுங்க, ஏன்னா முகத்துல நிழல் ஏத்தும்போது பிரஷ் அளவு மாறாம அடர்த்தி மட்டும்தான் மாறணும். ஃப்ளோ, அதாவது நிறம் விழற வேகம், 5லேருந்து 10 சதவீதம் போதும், மூக்கோரம் கன்னத்து மேடெல்லாம் அடுக்கடுக்கா ஏத்துங்க, ஒரே இழுப்புல வேணவே வேணாம். 8192 அழுத்த லெவல்னு பாத்து புது டேப்லெட் வாங்காதீங்க, 2048 இருந்தாலே தாராளம். நம்ம ஊர் வெயில்ல கை வியர்த்து ஒட்டுச்சுன்னா ரெண்டு விரல் கிளவுஸ் போட்டுக்கங்க. அழுத்தமே தெரியலன்னா பேனா டிரைவர்ல இருக்கற விண்டோஸ் இங்க் டிக்கை மாத்திப் பாருங்க.